புளியரை ஏத்தத்துல டீசல் கார் திணறுதா? கேம் மாத்த லோன் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

ஜூன் கடைசி. குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சு, ஐந்தருவி பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாத நேரம். தென்காசியில இருக்கிற என் பெரியப்பா பையன் போன் பண்ணான். "அண்ணே, 1,10,000 ரூபாய் பெர்சனல் லோன் எடுக்கலாம்னு இருக்கேன். 14 பெர்சென்ட் சொல்லுதாங்க. எடுக்கலாமா?"

"எதுக்குலே?"

"காருக்கு கேம் மாத்தணும்ணே."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. கல்யாணம், படிப்பு, ஆஸ்பத்திரின்னு லோன் கேட்டவங்களைப் பார்த்திருக்கேன். கேம்ஷாஃப்ட்டுக்கு லோன் கேட்ட முதல் ஆள் இவன்தான்.

விஷயம் இதுதான். அவன்கிட்ட இருக்கிறது 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். செகண்ட் ஹேண்ட்ல 3,60,000 கொடுத்து வாங்கினது. அஞ்சு பேர், ஏசி ஆன், தென்மலைக்கு ஒரு சண்டே டிரிப். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவுல ஏறும்போது வண்டி செத்துப் போச்சு. பின்னாடி லாரிக்காரர் ஹாரன் மேல ஹாரன். கூட இருந்த ஃப்ரெண்ட் ஒருத்தன் இவனை வெளியூர்ல இருக்கிற ஒரு பெர்ஃபார்மன்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். அங்க கொடுத்த கொட்டேஷன்: கேம் ரீகிரைண்ட், ஸ்டிஃப் வால்வு ஸ்பிரிங், ஹெட் போர்ட்டிங், கடைசியா ஒரு ரீமேப். மொத்தம் 1,10,000.

ரெண்டு வருஷத்துக்கு 14 சதவீதத்துல போட்டா இஎம்ஐ சுமார் 5,280 ரூபாய். அவன் கையில வாங்குற சம்பளம் 32,000. அதாவது சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு. முடிக்கும்போது கட்டியிருக்கிறது சுமார் 1,26,750. காரோட விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல. ஆனா நான் அவன்கிட்ட முதல்ல கேட்டது பணத்தைப் பத்தி இல்ல. "வண்டி திணறும்போது ஆர்பிஎம் எவ்வளவு இருந்துச்சு?"

"1,500 இருக்கும்ணே."

இந்த ஒரு நம்பர்லயே பாதி விஷயம் முடிஞ்சிருச்சு. எப்படின்னு சொல்றேன்.

கேம் மாத்தினா என்ன ஆகும்?

இன்ஜினுக்குள்ள காத்து போறதுக்கும் புகை வெளிய வர்றதுக்கும் இருக்கிற கதவுதான் வால்வு. அந்தக் கதவை எப்போ திறக்கணும், எவ்வளவு திறக்கணும், எப்போ மூடணும்னு முடிவு பண்றது கேம்ஷாஃப்ட். ரேஸ் கேம்ல கதவு அதிக நேரம் திறந்திருக்கும். பெட்ரோல் இன்ஜின் 6,000, 7,000 ஆர்பிஎம்ல சுத்தும்போது காத்து உள்ள வர நேரம் பத்தாது. அங்க இந்த வேலை பலன் கொடுக்கும்.

டீசல் கதை வேற. ஸ்விஃப்ட்டுக்குள்ள இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். 1,248 சிசி, 16 வால்வு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டான்னு அத்தனை வண்டியிலயும் இருந்ததால "இந்தியாவோட தேசிய இன்ஜின்"னே இதுக்குப் பேரு. இதோட 75 குதிரைத்திறன் முழுசா கிடைக்கிறது 4,000 ஆர்பிஎம்ல. இழுவை, அதாவது 190 நியூட்டன் மீட்டர் டார்க், கிடைக்கிறது 2,000 ஆர்பிஎம்ல. அதுக்குக் கீழ டர்போ முழுசா சுத்தாது. 2006-ல லீ மான்ஸ் ரேஸ் ஜெயிச்ச ஆடி ஆர்10 டீசல் கார்கூட 650 குதிரைத்திறனுக்கு மேல வச்சுக்கிட்டு சுமார் 5,000 ஆர்பிஎம்முக்குள்ளதான் ஓடிச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இவன் பிரச்சினை 1,500-ல. கேம் தர்ற பலன் இந்த இன்ஜின் போகவே போகாத உயரத்துல. அதைவிட மோசம், இன்டேக் வால்வு லேட்டா மூடினா கீழ் ஆர்பிஎம்ல உள்ள வந்த காத்து கொஞ்சம் திரும்பிப் போகும். கம்ப்ரஷன் குறையும். டீசல் எரியறதே அந்தக் கம்ப்ரஷன் சூட்டுலதான். அப்போ புளியரையில வண்டி இன்னும் திணறும், காலையில ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. டீசல்ல கம்ப்ரஷன் அதிகம்கிறதால பிஸ்டன் மேல வரும்போது வால்வுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. வால்வை இன்னும் கீழ இறக்குற கேமைப் போட்டா ரெண்டும் முட்டிக்கும். ஸ்டிஃப் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அதிக ஆர்பிஎம்ல வால்வு மிதக்காம இருக்கத்தான் அது. அந்த ஆர்பிஎம்முக்கே போகாத இன்ஜின்ல போட்டா கேம், ரோலர், டைமிங் செயின் எல்லாம் சீக்கிரம் தேயும்.

நியாயமா சொல்லணும்னா டீசல்ல ஸ்டிஃப் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லன்னு கிடையாது. அமெரிக்காவுல கம்மின்ஸ் 5.9 லிட்டர் பிக்கப்ல எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டுறவங்க அதைப் போடுவாங்க. பிரேக் பிடிக்கும்போது புகைக்குழாய்ல ஏறுற அழுத்தம் வால்வைத் தள்ளித் திறந்துரும், அதுக்காக. ஸ்விஃப்ட்ல அது கிடையாது.

கம்பெனியே இந்த இன்ஜினை 90 குதிரைத்திறனுக்கு ஏத்தி எர்டிகா, சியாஸ் எல்லாத்துலயும் கொடுத்தாங்க. அதுக்கு முக்கியமா மாத்தினது டர்போவை. டீசல்ல பவர் டர்போவுலயும் இன்ஜெக்ஷன்லயும்தான் இருக்கு. அந்தக் கொட்டேஷன்ல உருப்படியா பலன் தெரியக்கூடிய ஒரே ஐட்டம் ரீமேப். மத்ததுக்கெல்லாம் சேர்த்து அதோட ரிசல்ட்டைக் காட்டி பில் போட்டுருவாங்க.

அண்ணாச்சி பார்த்த பார்வை

சனிக்கிழமை நானே ஊருக்குப் போயிட்டேன். தென்காசியில முப்பது வருஷமா டீசல் வண்டி பார்க்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட போனோம். தம்பி எடுத்ததுமே, "அண்ணாச்சி, டேப்பட்டாவது செட் பண்ணிப் பாருங்களேன்"னான்.

அவர் சிரிச்சார். "இதுல செட் பண்ண என்ன தம்பி இருக்கு? எல்லாம் ஹைட்ராலிக். ஆயில் பிரஷர்ல அதுவே சரி பண்ணிக்கிடும்."

இதை நோட் பண்ணிக்கோங்க. மல்டிஜெட் வண்டிக்கு யாராவது "டேப்பட் செட்டிங்"னு பில் போட்டா, அந்த வேலையே இந்த இன்ஜின்ல கிடையாது. பழைய வேன், லாரி இன்ஜின்ல உண்டு. அங்க ஃபீலர் கேஜ் வச்சு இடைவெளி பார்க்கணும். டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாம கருகும், லூஸா இருந்தா டிக் டிக்னு அடிக்கும். சீசனுக்கு முன்னாடி வேன்காரங்க டேப்பட் பார்க்கிறது அதனாலதான். சில நூறு ரூபாய்ல முடியும், போன பவர் திரும்பி வரும்.

நம்ம வண்டியில அண்ணாச்சி கண்டுபிடிச்சது வேற. டர்போவுல இருந்து வர்ற ஹோஸ்ல ஒரு விரிசல், சுத்தி எண்ணெய்க் கசிவு. ஏர் ஃபில்டர் அடுப்புக் கரி மாதிரி. ஈஜிஆர் வால்வுல கார்பன். டர்போ தள்ளுற காத்து பாதி வழியில வெளிய போயிட்டு இருக்கு, இவன் கதவைப் பெருசாக்க லோன் தேடுறான்!

ஹோஸ், கிளாம்ப் 2,300. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் 1,900. ஆயில், ஆயில் ஃபில்டர் 2,200. கிளீனிங், லேபர் 3,000. மொத்தம் 9,400. ஜிபேல அனுப்பிட்டான்.

கொட்டேஷன்ல எழுதாத செலவு

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ-ல, அனுமதி இல்லாம வண்டியை மாத்தின ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம். கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. "உள்ள இருக்கிற கேமை எவன் பார்ப்பான்"னு தம்பி கேட்டான். ரோட்ல யாரும் பார்க்க மாட்டாங்க. பெரிய ஆக்சிடென்ட்ல இன்ஜின் பிரிச்சா சர்வேயர் பார்ப்பார். மாத்தினதைச் சொல்லாம இருந்தா க்ளெய்ம்ல தகராறு பண்ண இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே காரணம் ஆயிரும்.

மாருதி டீசல் காரையே 2020-ல பிஎஸ்6 வந்தப்போ நிறுத்திட்டாங்க. விக்கும்போது வாங்க வர்றவங்க தேடுறது கை வைக்காத இன்ஜினைத்தான்.

ஞாயித்துக்கிழமை அதே அஞ்சு பேர், ஏசி ஆன், அதே எஸ் வளைவு. 2,000-க்குக் கீழ விடாம கியரைக் குறைச்சு ஓட்டுடான்னு மட்டும் சொன்னேன். கோட்டைவாசல் வரைக்கும் ஒருத்தரும் ஹாரன் அடிக்கல. திரும்பி வரும்போது பிரானூர் பார்டர்ல புரோட்டா, பில் அவன் கொடுத்தான்.

லோன் அப்ளிகேஷனை கேன்சல் பண்ணிட்டான். இப்போ மாசம் 2,000 ஆர்டி போடுறான், டைமிங் செயின் மாத்துற செலவுக்கு. பத்து வருஷம் தாண்டின மல்டிஜெட்ல காலையில ஸ்டார்ட் பண்ணதும் சலசலன்னு சத்தம் வந்தா அந்தச் செலவு பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம். செயின் பல் தாண்டினா வால்வு வளைஞ்சிரும், அப்போ ஹெட்டையே இறக்கணும். அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் கேட்கவெச்சதை வீடியோல போட்டிருக்கேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்க.