வேலையோடு வந்த வீடு

கொஸ்லந்தையில் எந்த லயத்தில் விசாரித்தாலும், "எங்கள் பெரியப்பா குடும்பம் கப்பலேறிப் போனது" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். போனவர்களை அங்கே எப்படிக் குடியமர்த்தினார்கள்? காணிக்கும் வீட்டுக்கும் குரல் கொடுக்கும் நாம் அதை அறிந்திருப்பது நல்லது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை ஏற்க இந்தியா இணங்கியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரை நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். அதே காலத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களையும் தமிழ்நாடு அரசு குடியமர்த்த வேண்டியிருந்தது.

பெரும்பாலானோருக்குச் சிறு வியாபாரக் கடனே கிடைத்தது. கொழுந்து பறித்த கைகளுக்குக் கடை நடத்திப் பழக்கமில்லை. கடன் கரைந்தது. பலர் கூலி தேடி மறுபடி மலையேறினார்கள். கொடைக்கானலில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

இன்னொரு பகுதியினருக்காக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. தெரிந்த தொழிலையே கொடுத்தது நல்ல ஏற்பாடு. சம்பளமும் குடியிருப்பும் கிடைத்தன. ஆனால் நிலம் வனத்துறையுடையது. வீடோ வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கழகம் நட்டத்தில் விழ, 2022இல் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு தீர்மானித்தது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் முதுமையில், "இனி எங்கே போவது?" என்று கேட்க நேர்ந்தது.

நமக்கும் இது புதிய கேள்வியல்ல. மீரியபெத்தையில் மண் சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். ஆனால் வேறிடம் போகச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி மக்களிடம் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை லயங்களை மூடியது. தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016இல்தான் கிடைத்தன.

ஆகவே வீடு தருகிறோம் என்று யார் வந்தாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். காணி உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது? மனைவியின் பெயரும் அதில் உண்டா? தோட்ட வேலையை விட்ட பின்னும் வீடு நம்முடையதாக இருக்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால்தான் அது குடியமர்த்தல். இல்லாவிட்டால் நாம் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாறியவர்களாவோம்.