டெக்சஸ் மேய்ச்சல் பண்ணைக் குளங்களில் தட்டான்களும் ஊசித்தட்டான்களும்

டெக்சஸ் மேய்ச்சல் பண்ணைகளில் கால்நடைகளுக்கென அமைத்த குளங்கள் தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் வாழிடமாகின்றன. அமரும்போது தட்டான் சிறகுகளை விரித்து வைக்கும்; ஊசித்தட்டான் பெரும்பாலும் மடக்கிக்கொள்ளும். நீர்வாழ் இளவுயிரிகளில் வேறுபாடு இன்னும் தெளிவானது: ஊசித்தட்டானுக்கு வால்முனையில் இலைபோன்ற மூன்று செவுள்கள், தட்டானுக்கோ அவை மலக்குடலினுள் உள்ளன. அவ்வழியே நீரைப் பீய்ச்சி அது விரைந்து நகர்கிறது.

எனினும் குளத்தின் நிலையை அறிய முட்டையிடும் முறையே முதன்மையானது. ஊசித்தட்டான்களும் 'அனாக்ஸ் ஜூனியஸ்' என்னும் பச்சைத் தட்டானும் தாவரத் திசுவைத் துளைத்து முட்டையிடுகின்றன. 'பிளாதெமிஸ் லிடியா' போன்றவை நீர்ப்பரப்பில் வாலைத் தட்டி முட்டைகளை உதிர்க்கின்றன. ஆகவே, கால்நடைகள் கரையோரக் கோரையை மேய்ந்தும் மிதித்தும் அழிக்கும் குளத்தில் முன்னவையே முதலில் குறையும் என எதிர்பார்க்கலாம். பறப்பனவற்றின் தொகையை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில் இவ்விழப்புப் புலப்படாது. கரையில் எஞ்சும் தோலுரிகளையும் இனவாரியாகத் திரட்ட வேண்டும்.