புயற் செய்தியும் ஆட்சியாளர் வாய்மையும்

கார்த்திகை மாதத்தில் வங்காள விரிகுடாவிலே தாழமுக்கம் தோன்றியுள்ளதென அறிவிப்பு வருமாயின், உரும்பிராய்க் கமக்காரன் தன் குலைவாழைகளுக்கு முட்டுக் கொடுக்கின்றான்; பருத்தித்துறைக் கடற்றொழிலாளன் தோணியைக் கரையேற்றுகின்றான். இருவரும் வளிமண்டலவியல் கற்றவரல்லர். சொல்லுவோரை நம்பியே செயலாற்றுகின்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் ஈழத்தின் வடபகுதியைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயலை அறிந்த கரையோர மக்களுக்கு இந்நம்பிக்கையின் பெறுமதியை எடுத்துரைத்தல் வேண்டா. அந்நம்பிக்கையை ஆட்சிபுரிவோரே சிதைத்த வரலாறுகள் உள. அவற்றுட் கொடியது வங்காளத்தில் நிகழ்ந்தது.

முதற்கண் ஒரு வேறுபாடு உணரத்தக்கது. வானிலை கணிப்போன் கூறிய புயல் வேறு திசையிற் சென்றொழிதல் பிழையாகலாம்; பொய்யாகாது. காற்றின் போக்கு முற்றும் கணிக்கப்படுவதன்று. அறிந்த செய்தியை மறைத்தலும், நேர்ந்த அழிவைக் குறைத்துரைத்தலும், இல்லாததை உண்டெனச் சாதித்தலுமே பொய்யாவன. இவற்றைச் செய்வோர் பெரும்பாலும் கணிப்போரல்லர். அவருக்கு மேலமர்ந்து ஆணையிடுவோரே.

1942ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், துர்க்கா பூசைக் காலத்தில், மிதுனபுரி மாவட்டக் கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. கடல் பொங்கித் தம்லுக், காந்தி ஆகிய பகுதிகளின் ஊர்களுள்ளே புகுந்தது. ஏறக்குறைய 14,500 மக்களும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகப் பின்னாளில் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு கணக்கிட்டது. அக்காலத்தில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி இந்தியாவின் வாயிலில் நின்றனர். பகைவர் கைக்கு எட்டாதிருத்தற்பொருட்டுக் கடலோர மாவட்டங்களிற் பத்துப் பேருக்கு மேல் ஏறத்தக்க படகுகளையெல்லாம் அரசு முன்னரே அகற்றியிருந்தது. மிதுனபுரியோ 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் கோட்டை. இந்நிலையில் வந்த புயலைப் பற்றிய செய்தியைப் பத்திரிகைகள் உடனே வெளியிடாவாறு அரசு தடுத்தது. பகைவனுக்குப் பயன்படும் என்பது கூறப்பட்ட காரணம். கூரை இழந்து நின்றவனுக்கு அயல் மாவட்டத்தாரின் உதவியும் எட்டாது போயிற்று என்பது கண்ட பயன். யப்பானியர் மிதுனபுரியின் அழிவை அறிந்து என்ன செய்திருப்பர் என்பதை எவரும் விளக்கினாரல்லர். நிவாரணத்திலும் அடக்குமுறையிலும் ஆளுநர் நடந்துகொண்ட முறையைக் கண்டித்து, மாகாண நிதி மந்திரி சியாமப் பிரசாத் முகர்சி அவ்வாண்டு நவம்பரிலே பதவி துறந்தார்.

புயலோடு ஒழிந்ததன்று அப்பொய். உப்புநீர் படிந்த வயல்களில் 'ஆமன்' எனப்படும் மாரிகால நெல் அழிந்தது; பங்கசு நோயும் பயிரைத் தின்றது; பர்மா அரிசியின் வரவு முன்னரே நின்றிருந்தது. போர்ச் செலவினாற் பணம் பெருகி விலை விண்ணை முட்டியது. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே மாகாண அரசு, உணவுப் பற்றாக்குறை இல்லை, பதுக்கலே குறை எனப் பறைசாற்றிற்று. வீடுவீடாகத் தேடியும் பெருங்குவியல் எதுவும் அகப்படவில்லை. பஞ்சச் சட்டக்கோவையின்படி 'பஞ்சம்' என அறிவித்தாற் குறித்த அளவு உணவை வழங்கும் கடமை அரசைச் சாரும். வழங்கத் தானியம் இன்மையின் அச்சொல்லே தவிர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழ், ஆசிரியர் இயன் ஸ்டீபன்சின் துணிவால், தெருவில் மடிந்தோரின் நிழற்படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் உண்மையைக் கண்டது. இறந்தோர் 15 இலட்சம் என்றது விசாரணைக் குழு. பின்வந்த ஆய்வாளர் பலர் 20 முதல் 30 இலட்சம் வரை என மதிப்பிடுவர்.

அயலார் ஆட்சி அவ்வாறு செய்தது, தன்னாட்சியில் இது நேராது எனக் கருதுதல் எளிது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையிற் பெருமழை கொட்டியபொழுது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரக் குடியிருப்புகள் இரவிலே மூழ்கின. விதிப்படியே நீர் திறக்கப்பட்டது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது என்பது அரசின் விளக்கம். 2018ஆம் ஆண்டு யூலையிற் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, ஏரி முழுக் கொள்ளளவை எட்டுமுன்னரே அவ்வளவு நீர் விடப்பட்டதெனக் காட்டி, அவ்வழிவை மனிதரால் விளைந்ததென்றது. இரண்டு கூற்றும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. மக்கள் இதனை அறிய இரண்டரை ஆண்டுகள் ஆயின.

ஆயின் சிறு அலுவலகம் ஒன்று பேரதிகாரத்தை உடனே திருத்திய நிகழ்ச்சியும் உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், 'டோரியன்' புயலால் அலபாமா மாநிலமும் தாக்கப்படும் என அமெரிக்க சனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் எழுதினார். பேர்மிங்காம் நகர வானிலை அலுவலகம் சில நிமிடங்களுக்குள், அலபாமாவுக்கு ஆபத்தில்லை என மறுத்தது. மூன்று நாளின் பின் சனாதிபதி காட்டிய வரைபடத்தில், புயலின் எல்லை கருமையினால் அலபாமா வரை நீட்டி வரையப்பட்டிருந்தது. அவ்வலுவலகத்தைக் கைவிட்டு மேலிடம் விடுத்த பெயரில்லா அறிக்கை, அறிவியல் நேர்மைக்கு மாறானதென 2020ஆம் ஆண்டின் விசாரணையிற் கண்டறியப்பட்டது. நகைப்புக்குரிய கோடுதான், ஆயினும் அடுத்த புயலில் அலபாமா மக்கள் எந்த வரைபடத்தை நம்புவது?

வங்காளக் கரை இவ்வினாவுக்கு ஒருவகை விடை கண்டுள்ளது. 1970ஆம் ஆண்டு நவம்பர்ப் புயலிலே கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசின் அசட்டையைக் கண்டு கொதித்த மக்கள் அடுத்த மாதத் தேர்தலில் அதற்கு மறுமொழி கூறினர். வங்காளதேசம் பிறந்தபின், 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன்படி எச்சரிக்கையைத் தலைநகரின் குரல் மாத்திரம் அறிவிப்பதில்லை. அவ்வவ்வூரில் வாழும் தொண்டர்களே கொடியேற்றி, ஒலிபெருக்கியுடன் வீடுதோறும் செல்கின்றனர். புயல் வந்தாற் சொல்லுகின்றவனின் குடிசையும் கேட்பவனின் குடிசையோடு சேர்ந்தே போகும். ஆதலின் அவனை ஐயுறுதற்குக் காரணமில்லை. 2020ஆம் ஆண்டு 'அம்பன்' புயல் வந்தபொழுது அந்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னரே வீடு விட்டு அகன்று புகலிடஞ் சேர்ந்தனர்.