கண்புரையும் கத்திக்குப் பிந்திய காவலும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் உள்ள காலத்து அதன் அருமையை உணர்வார் சிலரே. இழந்த பார்வையை மீட்டுத் தரும் ஆற்றல் இன்றைய ரணசிகிச்சைக்கு உண்டு. மீட்ட பார்வையைக் காக்கும் பொறுப்போ மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் அதிற் பங்குண்டு. இவ்வுண்மையை எமக்கு உணர்த்திய ஒரு சிறு நிகழ்ச்சியினின்றும் இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சை நோக்கிச் செல்லும் பெருவழியில், கொதிகலன் தொழிற்சாலையைக் கடந்து சென்றால் துவாக்குடி வரும். சிறு தொழிற்கூடங்கள் நெருங்கிய அவ்வூரில் எமக்கு அறிமுகமான மூதாட்டியார் ஒருவர் கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டார். மறுநாள் கட்டவிழ்த்தபோது, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதியைத் தாமே படித்துக் காட்டி வீட்டாரை மகிழ்வித்தார். ஐந்தாம் நாள் கண் சிவந்தது, வலி கண்டது, பார்வை மீண்டும் மங்கியது. “எல்லாம் சூடுதான், பெரியம்மா, விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் தணிந்துவிடும்” என்றார் அண்டை வீட்டார். அவ்வாறே இரண்டு நாட்கள் கழிந்தன. பின்னர், விடுமுறைக்கு வந்த பேரன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். கண்ணுக்குள்ளேயே ஊசியால் மருந்து செலுத்தினர். கண் தப்பிற்று. ஆயினும், அன்று படித்த நாட்காட்டியின் எழுத்து இன்று அக்கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சிகிச்சை செவ்வையாக நடந்திருக்கவும் இத்தீங்கு விளைந்தது யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது யாம் கண்டது இது: கண்புரைச் சிகிச்சையின் வரலாறு, பெரும்பாலும், கத்தியை எடுத்த பின்னர் நேரும் தீங்குகளோடு மனிதர் நடத்திய நெடும் போராட்டத்தின் வரலாறே ஆகும்.

புரை என்பது யாது?

கண்ணின்மேல் ஏதோ சதை வளர்ந்து மூடுவதே புரை எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கண்ணின் பாவைக்குப் பின்னே, மெல்லிய உறை ஒன்றனுள், பளிங்கு போன்ற வில்லை ஒன்று உளது. வெளியொளியைக் குவித்து விழித்திரையிற் சேர்ப்பது அதன் தொழில். அவ்வில்லை மங்குதலே புரை.

இவ்வில்லையின் அமைப்பு வியக்கத்தக்கது. அதனுள் இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லை. அதன் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் நாம் தாய் வயிற்றில் இருந்த காலத்தே உண்டானவை, பின்னர்ப் புதுப்பிக்கப்படுவதில்லை. எண்பது வயது முதியவரின் கண்ணில் எண்பது வயதுப் புரதமே இருக்கின்றது. கிரிஸ்டலின் எனப்படும் இப்புரதங்கள் செறிந்தும் சீராகவும் அமைந்திருப்பதால் ஒளி சிதறாது ஊடுருவுகின்றது. வயதேற ஏற அவை சிதைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. தெளிந்திருந்த முட்டையின் வெண்கரு சூடேறியதும் வெளுத்துப் போவதை ஒருவாறு இதற்கு ஒப்புக் கூறலாம்.

இத்திரட்சியைத் தடுக்கும் காவலும் வில்லைக்குள்ளேயே உண்டு. ஆல்பா கிரிஸ்டலின் என்னும் புரதம், சிதையத் தொடங்கிய பிற புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவை திரளாதவாறு காக்கின்றது என்பதை 1992-ஆம் ஆண்டில் ஜோசப் ஹார்விட்ஸ் என்பார் ஆய்ந்து வெளியிட்டார். ஆனால் இக்காவலர் தொகை வரம்புடையது. காவலர் தீர்ந்தபின் புரை விரைந்து வளர்கின்றது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர், புகையிலை, நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இதனை முன்கூட்டியே வரச்செய்யும். நீரிழிவு நோயாளரின் வில்லையில் மிகுந்த சர்க்கரை சார்பிட்டால் என்னும் பொருளாக மாறி, நீரை உள்ளிழுத்து, நார்களைக் கெடுக்கின்றது. உலையின் தழலை நெடுங்காலம் நோக்கி உழைத்த கண்ணாடித் தொழிலாளர்க்கு வெப்பக் கதிரால் புரை உண்டானமை பண்டே அறியப்பட்ட செய்தி. தழலோடு தொழில் செய்வோர் தக்க கண்ணாடி அணிய வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புரையை மருந்தாற் கரைக்க இயலாதா? 2015-ஆம் ஆண்டில் லானோஸ்டிரால் என்னும் பொருள் நாய்களின் கண்ணிற் புரையைக் குறைத்ததாக ஓர் ஆய்வு வெளிவந்து பெரும் நம்பிக்கையை எழுப்பியது. மனித வில்லையில் அப்பயன் பின்னர் உறுதிப்படவில்லை. ஆகவே, இன்றளவும் ரணசிகிச்சை ஒன்றே வழி.

ஊசி முதல் வில்லை வரை

இச்சிகிச்சையில் நம் நாடு மிகத் தொன்மை வாய்ந்தது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே இதன் முறை கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியைக் கண்ணிற் செலுத்தி, மங்கிய வில்லையைப் பாவையினின்று விலக்கி உள்ளே தள்ளிவிடுவர். நோயாளி உடனே ஒளி காண்பார். ஆனால் வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். நாளடைவில் அழற்சியோ, கண்ணழுத்தமோ, கிருமித் தொற்றோ நேர்ந்து, பலர் பார்வையை அறவே இழந்தனர்.

துவாக்குடியைக் கடந்து அப்பெருவழி சென்றடையும் தஞ்சையில், இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்டார். இவர் திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றிய சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்து கல்வி கற்றவர். கண்ணோயாளர் ஒவ்வொருவரின் நிலையையும், செய்த சிகிச்சையையும், கண்ணின் வண்ணப் படங்களோடு எழுதி வைக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். அக்குறிப்புக்கள் சரசுவதி மகால் நூல்நிலையத்திற் காக்கப்பட்டுள்ளன. எழுதி வைத்தாலன்றி ஒரு முறையின் நன்மை தீமைகளை ஒப்பிட்டறிதல் இயலாது. இக்கால மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படையும் அதுவே.

வில்லையை உள்ளே தள்ளுவதால் விளைந்த கேட்டைக் கண்டு, அதனை வெளியே எடுத்துவிடும் முறையை 1747-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜாக் தாவியேல் தொடங்கினார். இதனால் ஒரு தீங்கு நீங்கிற்று. வேறு தீங்கு புகுந்தது. பெரிய வெட்டுவாய் தையலின்றி ஆறவேண்டியிருந்தமையால், நோயாளி பல நாள் அசையாது கிடந்தார். 1867-இல் லிஸ்டர் கிருமிகளை ஒழிக்கும் முறையை வெளியிட்டார். 1884-இல் கார்ல் கோல்லர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கண்டார். சிகிச்சை எளிதாயிற்று. எனினும், வில்லை இழந்தவர் பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் தடித்த கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிந்து, படியிறங்கவும் தடுமாறினர்.

இக்குறையை நீக்கியவர் இலண்டன் மருத்துவர் ஹாரால்டு ரிட்லி. போரிற் காயமுற்ற விமானிகளின் கண்ணில் தைத்த ஒருவகைப் பிளாஸ்டிக் துணுக்குகள் அழற்சியை உண்டாக்காதிருந்ததை அவர் உற்று நோக்கினார். அவ்வகைப் பொருளால் வில்லை செய்து, 1949-ஆம் ஆண்டில் மனிதக் கண்ணிற் பொருத்தினார். வெட்டுவாயின் தீங்கைக் குறைக்க, புரையை மீயொலி அதிர்வால் நொறுக்கிச் சிறு துளை வழியே உறிஞ்சும் முறையை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் தொடங்கினார்.

அக்கருவியோ விலை மிக்கது. எளியோர்க்கு என் செய்வது? தையலின்றித் தானே மூடிக்கொள்ளும் சிறு சுரங்க வெட்டின் வழியே, கையினாலேயே புரையை எடுக்கும் முறை இதற்கு விடையாயிற்று. நேபாளத்தில் சாந்துக் ரூயித் முதலிய மருத்துவர் 108 நோயாளரை இரு பகுதியாக்கி, இருமுறைகளையும் ஒப்பிட்டனர். 2007-இல் வெளியான அவ்வாய்வின்படி, ஆறு திங்களுக்குப் பின், தக்க கண்ணாடித் திருத்தத்தோடு, இரு பகுதியினரிலும் 98 விழுக்காட்டினர் நற்பார்வை பெற்றிருந்தனர். செலவும் நேரமும் குறைந்தது கைமுறையே. மதுரையில், முடக்குவாதத்தால் விரல்கள் திருகிப்போன நிலையிலும் ரணசிகிச்சை கற்றுத் தேர்ந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதனைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்து அளிக்கின்றது.

கத்திக்குப் பின் நேர்வன

இத்துணை முன்னேற்றத்திற்குப் பின்னும் மருத்துவர் அஞ்சும் தீங்கு ஒன்றுளது. அதுவே கண்ணின் உள்ளே கிருமி புகுதல். அக்கிருமி பெரும்பாலும் வெளியினின்று வருவதன்று; நோயாளியின் இமையோரத்திலும் மயிர்க்காலிலும் வாழ்வதே. தோலின்மேல் தீங்கின்றி இருக்கும் அது, கண்ணுக்குள் நிறைந்த பாகு போன்ற பொருளிற் புகின் தடையின்றிப் பெருகும். அங்கு இரத்த ஓட்டம் இன்மையால் உடலின் எதிர்ப்புச் சக்தி விரைந்து சென்று சேராது. ஓரிரு நாளிலேயே விழித்திரை அழியக்கூடும். துவாக்குடி மூதாட்டியார்க்கு நேர்ந்தது இதுவே.

கருவியோ, கண்ணைக் கழுவும் நீரோ மாசுபடுமாயின் கேடு ஒருவரோடு நில்லாது. 2008-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டில், ஒரு கண் முகாமின் வழியாகச் சிகிச்சை பெற்ற எளியோருள் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் தொற்றினாற் பார்வை இழந்த துயரம் இதற்குச் சான்று.

இதனைத் தடுக்க, அறுவைக்கு முன் அயோடின் கலந்த மருந்துநீரால் கண்ணைத் தூய்மை செய்கின்றனர். அறுவை முடிந்ததும் கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைகின்றது என்று 2007-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டிற்று. அரவிந்த் மருத்துவமனைகளில், ஏறத்தாழ ஆறு இலட்சம் சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. மாக்சிஃபிளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணுட் செலுத்துமுன் பதினாயிரம் பேரில் 7 பேருக்கு நேர்ந்த தொற்று, செலுத்தியபின் 2 பேராகக் குறைந்தது. இவ்வெண்கள் சிறியன என இகழற்க. இலட்சம் கண்களுக்கு ஐம்பது கண்கள் காக்கப்படுகின்றன என்பதே இதன் பொருள்.

வேறு இரண்டு செய்திகளும் அறியத்தக்கன. சில திங்களோ ஆண்டுகளோ கழிந்து பார்வை மீண்டும் மங்கினால், “புரை திரும்ப வந்தது” என்பர். புரை திரும்புவதில்லை. பழைய உறையில் எஞ்சிய உயிரணுக்கள் பெருகி, புதிய வில்லையின் பின்புறத்தை மறைக்கின்றன. லேசர் ஒளியால் அம்மறைப்பிற் சிறு வாயில் திறந்தால் சில நிமிஷங்களிற் குறை தீரும். மற்றொன்று, சிறுநீர்த் தடைக்காக முதியவர் உட்கொள்ளும் டாம்சுலோசின் என்னும் மாத்திரையைப் பற்றியது. பாவையைச் சுற்றியுள்ள திரையை அது தளர்த்தி, அறுவையின்போது இடர் விளைவிக்கும் என்பது 2005-இல் கண்டறியப்பட்டது. முன்கூட்டி அறிந்த மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தம் செய்துகொள்வார்.

நாம் செய்ய வேண்டுவன

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் ஐம்பது வயதிற்கு மேற்பட்டோரின் பார்வையின்மைக்கு 66.2 விழுக்காடு புரையே காரணம் என்கின்றது. தீர்க்கக்கூடிய நோயினால் இத்துணைப் பேர் இருளில் இருப்பது நமக்குப் பெருமையன்று.

புரை நன்கு முற்றிய பின்னரே அறுக்க வேண்டும் என்னும் எண்ணத்தை முதலில் விடவேண்டும். வில்லையை முழுமையாக எடுத்த பழைய காலத்தில் அது பொருந்திற்று. இன்றோ, முற்றிக் கடினமாகிய புரையை நொறுக்குதல் அரிது. மிக முற்றினால் அதன் புரதம் கசிந்து, கண்ணழுத்தம் ஏறி, பார்வை மீளாது போதலும் உண்டு. அடுத்து, நோயாளி தமக்குள்ள நீரிழிவையும், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவர்க்கு மறையாது கூறவேண்டும்.

சிகிச்சைக்குப் பின், கையைச் சோப்பினாற் கழுவிய பின்னரே சொட்டு மருந்து விடவேண்டும். குறித்த நாள்வரை விடாது தொடரவேண்டும். கண்ணைக் கசக்கலாகாது. தூசி நிறைந்த தொழிற்கூடத்திற்கு மருத்துவர் இசைவின்றித் திரும்பலாகாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதனையும் கண்ணில் விடுதல் கூடாது. வலியோ, பெருகும் சிவப்போ, மங்கலோ காணின், விடியட்டும் எனக் காத்திராமல், அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இத்தீங்கில் ஒரு நாள் என்பது ஒரு கண்ணின் விலை.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் இல்லத்து முதியோரிடம் இச்செய்திகளை எடுத்துரைப்பீர்களாக. சொட்டு மருந்து விடுதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. கழுவிய கையும் தவறாத நேரமும் போதும். துவாக்குடி மூதாட்டியாரின் மற்றொரு கண்ணிலும் புரை வளர்ந்து வருகின்றது. முன்பு பட்ட துன்பத்தை நினைந்து சிகிச்சைக்கு அஞ்சியிருந்த அவர், “மருந்து விட நான் இருக்கிறேன், அப்பாயி, பத்து நாள் உங்களை விட்டு நகர மாட்டேன்” என்று பேரன் கூறிய பின்னர் இசைந்திருக்கின்றார். அக்கண் நலம் பெறுவதாக.