தூக்கிக் கட்டிய ஜீப்பும் பிதாகரஸ் தேற்றமும்

ஸ்டியரிங் சக்கரத்தை அசையாமல் பிடித்திருக்கிறீர்கள். ஆனாலும், வண்டி பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் திரும்புகின்றன! இது எப்படி நேரும்?

அமெரிக்காவில் 1954 முதல் 1983 வரை தயாரான சிஜே-5 என்னும் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். பாறை வழிகளில் ஓட்டுவதற்காக இதை இன்றும் விரும்பி வாங்குவோர் உண்டு. வாங்கியதும் அவர்கள் செய்யும் முதல் வேலை, உயரமான ஸ்பிரிங் பட்டைகளைப் பொருத்தி வண்டியைத் தூக்கிக் கட்டுவதுதான். பாறை அடியில் தட்டாது. பெரிய டயர் போடலாம். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

1972 முதல் வந்த சிஜே-5 வண்டிகளில், ஸ்டியரிங் பெட்டி அடிச்சட்டத்தின் இடப்பக்கம் இருக்கிறது. அதிலிருந்து தொங்கும் கரத்துக்குப் பிட்மன் கரம் என்று பெயர். அந்தக் கரத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு குறுக்கே சென்று, வலப்பக்கச் சக்கரத்தருகே இணைகிறது. தண்டின் ஒரு முனை சட்டத்தைச் சார்ந்தது. மறுமுனை அச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டின் நீளம் 100 செ.மீ. எனக் கொள்வோம். அது கிடைமட்டமாக இருக்கும்போது அச்சு 5 செ.மீ. இறங்கினால், தண்டின் கிடை நீளம் எவ்வளவு? பிதாகரஸ் தேற்றப்படி 99.87 செ.மீ. குறைவு 1.3 மில்லிமீட்டர்தான். இப்போது வண்டியை 10 செ.மீ. தூக்குங்கள். தண்டு சாய்ந்துவிட்டது, கிடை நீளம் 99.50 செ.மீ. அச்சு மேலும் 5 செ.மீ. இறங்கினால் 98.87 செ.மீ. குறைவு 6.3 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஐந்து மடங்கு! சக்கரத்தைத் திருப்பும் கரம் 15 செ.மீ. நீளமானால், சக்கரம் சுமார் 2.4 டிகிரி திரும்பிவிடும். மேட்டில் ஏறினாலோ எதிர்ப்புறம் திரும்பும். மேடும் பள்ளமும் மாறி மாறி வந்தால் ஓட்டுபவர் பாடு திண்டாட்டம்தான்.

தண்டை மீண்டும் கிடையாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னும் கீழே வளைந்து தொங்கும் பிட்மன் கரத்தைப் பொருத்துவது. விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் தண்டு பெட்டியிலிருந்து விலகிப் போவதால், பெட்டியின் சுழல்தண்டை வளைக்கும் விசை கூடுகிறது. இரண்டாவது வழி, அச்சின் முனையில் சக்கரத்தைத் திருப்பும் கரத்தையே உயர்த்தி அமைப்பது. இதில் செலவு அதிகம். ஆனால் தண்டு பாறைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் இதுவே மேல்.

பழைய கரத்தையே பழுக்கக் காய்ச்சி வளைத்தால் என்ன என்று தோன்றுகிறதா? கூடவே கூடாது! இவை அடித்து உருவாக்கி, வெப்பப் பதம் கொடுத்த எஃகு உறுப்புகள். மறுபடி கண்டபடி காய்ச்சினால் பதம் போய்விடும். கரம் ஒடிந்தால் ஸ்டியரிங் கையில் இருக்கும். சக்கரம் சொன்னபடி கேட்காது. தண்டின் பந்து மூட்டிலும் இதே கவனம் வேண்டும். அதன் காம்பு கூம்பு வடிவானது; ஆப்புப்போல் துளையில் இறுகிப் பிடிக்கும். துளையின் சரிவு வேறாக இருந்தால் காம்பு ஆடி ஆடி ஒரு நாள் முறியும்.

சாய்ந்த தண்டு எல்லாமே தவறு என்று எண்ணிவிடாதீர்கள். 1984-ல் வந்த செரோக்கி ஜீப்பின் முன்பக்கம் இருப்பது சுருள் ஸ்பிரிங். அச்சு பக்கவாட்டில் நகராதபடி, சட்டத்திலிருந்து அச்சுக்கு மற்றொரு தண்டும் உண்டு. அச்சு ஏறி இறங்கும்போது இது ஒரு வட்டவில்லில் சுழன்று, அச்சையே சற்றுப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஸ்டியரிங் தண்டும் அதற்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே நகரும், சக்கரம் திரும்பாது. இந்த வண்டியில் பிட்மன் கரத்தை மட்டும் தாழ்த்திவிட்டு மற்றத் தண்டை மறந்தால், இணை கெட்டு, இல்லாத தொல்லையும் வந்து சேரும். இரண்டு ஈர்க்குச்சிகளும் நான்கு குண்டூசிகளும் இருந்தால், ஓர் அட்டையில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம்.