நூறு மில்லி லிட்டர் கணக்கு

2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து வட அமெரிக்கா செல்லும் விமானங்களைக் குளிர்பானப் புட்டிகளில் மறைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதியை லண்டன் காவல் துறை முறியடித்தது. சர்வதேசப் பயணிகளின் கைப்பைக்குள் திரவங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது அதன் பிறகுதான்.

ஒவ்வொரு புட்டியும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படக் கூடாது. அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும் என்பதே பொதுவான விதி. இங்கே கணக்கு புட்டியின் கொள்ளளவுக்கே அன்றி, உள்ளிருக்கும் திரவத்தின் அளவுக்கு அன்று. 200 மில்லி லிட்டர் புட்டியில் கால் பங்கு எண்ணெய் இருந்தாலும் அனுமதி கிடையாது. பற்பசை, நெய், ஊறுகாய் ஆகியவையும் திரவங்களாகவே கருதப்படுகின்றன. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு.

புதிய ஊடுகதிர்க் கருவிகள் நிறுவப்பட்ட சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இவ்விதி தளர்ந்துள்ளது. ஆயினும், வழியில் விமானம் மாறும் இடத்தில் மீண்டும் சோதனை இருந்தால் அவ்விடத்து விதியே செல்லும்.

விதியை அறியாமைக்கான விலையை அறியாதவர் மட்டும் செலுத்துவதில்லை. ஒருவரின் பையைத் திறந்து சோதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்போர் அனைவரின் நிமிடமுமாகும். பொருளியல் இதைப் 'புறவிளைவு' என்கிறது. இதைத் தவிர்க்கும் செலவோ மிகக் குறைவு: பயணச்சீட்டிலேயே இவ்விதியைத் தமிழில் நான்கு வரிகளில் அச்சிட்டால் போதும். மகள் வீட்டுக்கு முதன்முறையாகப் பறக்கும் தாய், தான் போட்ட ஊறுகாயைச் சோதனைச் சாவடிக் குப்பைத்தொட்டியில் இழக்காமல், சரக்குப் பெட்டியில் வைத்து அனுப்பியிருப்பார்.