ஒற்றைத் தலைவலி: என் அனுபவமும் சில விளக்கங்களும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பட்டிமன்றம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மறுநாள் தோழி ஒருவர் தொலைபேசியில், "என்னக்கா, பேச்சு பிடிக்கலையா?" என்று கேட்டார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. மேடை விளக்கும் ஒலிபெருக்கியும் என் தலைக்குள் புகுந்து சம்மட்டி அடித்தன, அவ்வளவுதான். அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இந்த நோயை மறைத்துக்கொண்டு வளைய வருபவர்கள் பலர் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். காய்ச்சலுக்காவது தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். தலைவலிக்குச் சாட்சியே கிடையாது. அதனால்தான் அதைச் சொல்லக் கூசுகிறோம்; சொன்னாலும் பிறர் நம்புவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 1998-இல் திருமணமாகிக் கரமனைக்கு வந்தேன். கணவருக்குச் சாலை பஜாரில் பலசரக்குக் கடை. நான் பள்ளி ஆசிரியை. தலைவலி மட்டும் பிறந்த வீட்டுச் சீதனம். என் அம்மாவுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரும். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, தலையில் துணியை இறுகக் கட்டி, ஜன்னலைச் சாத்திப் பின்கட்டில் படுத்துவிடுவார். "பித்தம்" என்பார் அப்பா. "வேலைக்குச் சோம்பல்" என்பார் பாட்டி. அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். தன் நோயின் பெயர் என்னவென்று தெரியாமலேயே அவர் காலமாகிவிட்டார்.

சென்னிக்குத்து

இங்கு வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் "சென்னிக்குத்தாணோ?" என்று கேட்டார். சென்னைக்கும் என் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன்! மலையாளத்தில் சென்னி என்றால் நெற்றிப்பொட்டு. பழந்தமிழில் அது தலையைக் குறிக்கும் சொல் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கே அன்று அது விளங்கவில்லை. கொடிஞ்ஞி என்பதும் இதே நோய்க்கு இங்குள்ள பெயர்தான்.

இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. "மயக்கமாக வருகிறது" என்றேன். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கச் சடைவு. நாம் சொல்லும் தலைசுற்றலுக்கு அவர்கள் 'தலகறக்கம்' என்பார்கள். வாந்திக்குச் 'சர்த்தி'. நான் ஒன்றைச் சொல்ல, அவர் வேறொன்றை எழுதிக்கொண்டார். இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் கண்டுபிடிக்கும் நோய் அல்ல இது. நாம் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். ஆகவே புதிதாக இங்கு குடிவந்திருப்பவர்கள் இந்த நாலைந்து சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எது ஒற்றைத் தலைவலி?

ஆங்கிலப் பெயரான மைக்ரேன் என்பதன் மூலம், பாதித் தலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆயுர்வேதத்தில் இதை அர்த்தாவபேதகம் என்கிறார்கள். அதிலும் பாதி என்ற பொருள் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரு பக்கம்தான் வலிக்கும் என்பதில்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்துள்ள அடையாளங்கள் இவை: மருந்து சாப்பிடாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம், நாடித் துடிப்புப் போல விண்விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினாலே அதிகமாகும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்கும், அல்லது வெளிச்சமும் சத்தமும் தாங்காது. சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் தோன்றி, ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும்.

இது அபூர்வ நோயும் அல்ல. உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்து 2015-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருப்பதைக் காட்டியது.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் தன்மை காணப்பட்டு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அதை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். 2015-இல் நான் அந்த நிலையில்தான் இருந்தேன்.

ஏன் வருகிறது?

இரத்தக் குழாய்கள் விரிவதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பி வந்தார்கள். இப்போது இது மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோய் என்று தெளிவாகியிருக்கிறது. முகத்துக்கும் மூளையின் உறைகளுக்கும் உணர்ச்சியைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ச்சி அடையும்போது, சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளிவிடுகிறது. அதுதான் வலியை மூட்டி வளர்க்கிறது. இதைக் கண்டறிந்து புதிய மருந்துகளுக்கு வழி திறந்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021-ஆம் ஆண்டின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது. குடும்பவழியாக வருவதும் இதன் இயல்பு. என் அம்மாவுக்கு இருந்தது பித்தமும் இல்லை, சோம்பலும் இல்லை.

மருந்தே நோயானது

பள்ளிக்கு விடுப்பு எடுக்க முடியாது. வீட்டில் அத்தைக்கு உடம்பு முடியாது. மகளோ சிறு பிள்ளை. ஆகவே கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வலி மாத்திரையைக் கைப்பையில் வைத்திருப்பேன். வலி வந்தால் ஒன்று. பிறகு, வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒன்று. நாளடைவில் காலையில் எழும்போதே தலை கனத்தது. மாத்திரை போட்டால்தான் அடுப்படிக்குப் போக முடியும் என்றாயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "போன மாதம் எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒரு மாதம் கணக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் அடுப்படிச் சுவரில் மலையாள மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கும் காஸ் வந்த தேதியும் அதன் கட்டங்களில்தான். அதிலேயே வலி வந்த நாளுக்கு 'வ', மாத்திரை போட்ட நாளுக்கு 'மா' என்று எழுதினேன். மாதக் கடைசியில் எண்ணியபோது 22 'வ', 21 'மா'. பால்காரரை ஒரு பாக்கெட்டுக்குக்கூட ஏமாற விடாத நான், என் உடம்பின் கணக்கை அத்தனை காலம் பார்க்கவே இல்லை.

டாக்டர் விளக்கினார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டு வந்தால், அல்லது பல மருந்து கலந்த மாத்திரையையும் டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ சாப்பிட்டு வந்தால், சில மாதங்களில் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். அதை நிறுத்தினாலொழிய வேறு எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

நிறுத்தினேன். முதல் பத்து நாட்கள் பட்ட பாட்டை எழுதி மாளாது. கணவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சோறு வடித்தார். அத்தை, தானே முடியாதவர், என் காலடியில் உட்கார்ந்து, "இம்புட்டு வலியையா இத்தனை வருசமா சொல்லாம வச்சிருந்தே?" என்று கேட்டார். அன்றுதான் என் வலிக்கு ஒரு சாட்சி கிடைத்தது. (நீண்டகாலம் மருந்து சாப்பிட்டவர்கள் இதைத் தாங்களாகச் செய்யாமல் டாக்டர் சொற்படியே செய்ய வேண்டும்.)

காலண்டர் சொன்ன செய்திகள்

கட்டங்களைத் தொடர்ந்து நிரப்பியதில் சில உண்மைகள் புலப்பட்டன. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் வலி தவறாமல் வந்தது. விரத நாட்களில் வந்தது. ஆற்றுகால் பொங்கலை அன்று பட்டினி, வெயில், அடுப்புப் புகை மூன்றும் சேர்ந்து என்னைக் கீழே தள்ளின. கண்ணகியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அடுத்த ஆண்டு முதல் இளநீரும் பழமும் சாப்பிட்டுவிட்டே பொங்கலையிடப் போகிறேன்.

இன்னொன்று தலைக்குளியல். நம் ஊரில் வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். இங்கு வந்தபின் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து நானும் தினமும் தலைக்குக் குளித்து, ஈர முடியின் நுனியை மட்டும் முடிந்துகொண்டு பள்ளிக்கு ஓடுவேன். தலைக்குளியலால் வலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் 2006-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். இது எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குப் பொருந்தியது. இப்போது விடுமுறை நாளில் மட்டும் தலைக்குக் குளித்து, உடனே நன்றாக உலர்த்திக்கொள்கிறேன்.

இவை நோய்க்குக் காரணங்கள் அல்ல, தூண்டுகோல்கள் மட்டுமே. அவசரப்பட்டு எல்லாவற்றின் மீதும் பழி போடவும் கூடாது. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் இனிப்பு ஆசையும் வருவதுண்டு. "இனிப்புத் தின்றேன், தலை வலித்தது" என்று நினைப்போம். உண்மையில் தலைவலி உள்ளே தொடங்கிவிட்டதால்தான் இனிப்பைத் தேடியிருப்போம்.

என்னென்ன சிகிச்சைகள்?

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, வந்த வலியை நிறுத்துவது. இதற்கான மாத்திரையை வலியின் தொடக்கத்திலேயே சாப்பிட வேண்டும். நேரம் கடந்தால் இரைப்பையின் வேலை மந்தப்பட்டு மருந்து உடம்பில் சேராது. அதனால்தான் குமட்டலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1990-களில் வந்த சுமட்ரிப்டான் இந்நோய்க்கென்றே உருவானது. இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

மற்றொன்று, வராமல் தடுப்பது. இதற்காகப் பல மாதங்கள் தினமும் மருந்து சாப்பிட வேண்டும். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளூனரிசின் முதலியவை பழக்கத்தில் உள்ளவை. விந்தை என்னவென்றால் இவற்றில் பல வேறு நோய்களுக்காக வந்தவை. நெஞ்சுவலிக்குப் புரோப்ரனலால் சாப்பிட்ட ஒருவருக்குத் தலைவலி குறைந்ததைக் கண்டே 1966-இல் அதன் இந்தக் குணம் தெரிய வந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடாது. வால்ப்ரோயேட், டோபிரமேட் இரண்டும் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். கல்யாண வயதுப் பெண்கள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நாட்பட்ட நிலைக்கு நெற்றியிலும் கழுத்திலும் போடும் போட்டுலினம் ஊசிக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் 2010-இல் அனுமதி அளித்தன. சி.ஜி.ஆர்.பி.-யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் வந்துள்ளன, விலைதான் அதிகம்.

தடுப்பு மருந்து பலன் தர இரண்டு மூன்று மாதம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், குணமில்லை" என்று டாக்டரை மாற்றுவதே நம்மவர் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி.

1889-இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கும் ஊர் இது. "வைத்தியரைப் பார்க்கவில்லையா?" என்று கேட்காதவர் இல்லை. அம்மாவின் சுக்குப் பற்றை நானும் போடுகிறேன், இதமாகத்தான் இருக்கிறது. எந்த வைத்தியம் செய்தாலும் அதை மற்ற டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதே என் கருத்து. யோகாசனத்துக்குச் சான்று உண்டு. டில்லி எய்ம்ஸில் 160 பேரை இரு பிரிவாக்கி நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய சமயம்

இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடுமையான வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. கை கால் விளங்காமை, பேச்சுக் குழறல், பார்வை மங்கல். தலையில் அடிபட்டபின் வரும் வலி - இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும், கர்ப்பக் காலத்தில் புதிதாக வந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். கண்ணெதிரே ஒளிக்கோடு தோன்றும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத அபாயம் கூடும். இதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்று எனக்கு மாதம் நான்கைந்து நாள் வலி வருகிறது. முழுக்கக் குணமாயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 22 நாள் எங்கே, 5 நாள் எங்கே! மீதி நாட்களெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்த நாட்கள்.

போன வருடம் பிளஸ் டூ படிக்கும் என் மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அம்மா, விளக்கை அணையேன்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவளைப் படுக்க வைத்துவிட்டுக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தையும் ஒரு 'வ'-வையும் எழுதினேன். அடுத்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனேன். பாட்டிக்குக் கிடைக்காததும், அம்மாவுக்கு நாற்பது வயதில் கிடைத்ததும், பேத்திக்குப் பதினேழு வயதிலேயே கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்களா? "உனக்கு என்ன கேடு?" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். காலண்டரும் பென்சிலும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன.